எனாமல் தட்டில் வந்த பேரிங்

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியிலிருந்து கழற்றிய பழுதான பாகத்தைக் குப்பையில் எறிவதற்கு முன், நீல விளிம்பு போட்ட ஒரு வெள்ளை எனாமல் தட்டில் வைத்து அக்காவின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கா அதைக் கையில் எடுப்பார், விரல்களுக்கிடையே உருட்டுவார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். பிறகு ஒருமுறை தலையசைப்பார். வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரும் அதைப் பார்த்தாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த முறை ஒரு நாளும் தவறியதில்லை.

அக்கா என்பது அங்கே உறவு மட்டுமன்று, பதவியும்கூட. வாசல் பலகையில் பெயர் எழுதப்பட்டிருப்பது அவருடைய தம்பிக்கு. ஆகையால் பட்டறைக்கு வருபவர் அனைவருக்கும், அவரைவிட எட்டு வயது மூத்தவனான எனக்கும், அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் 'ஸ்டெத்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஸ்டெதாஸ்கோப் என்பதன் சுருக்கம். வண்டியில் ஏறித் தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்தால், எந்த உறுப்பு நோகிறது என்று சொல்லிவிடுவார். பிறகு ஒரு சிலேட்டில், வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் நான்கு கோடுகளில் வரைந்து, பழுதுள்ள இடத்தில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் இரண்டு சொற்கள் எழுதுவார். சிலேட்டு வண்டியின் முன்கண்ணாடியில் ஏறியதும் அவர் வேலை முடிந்தது. பின்கட்டில் தம்பி அதைப் பார்த்துத் திறப்பார்.

"எழுதறவங்க திறக்கக் கூடாது. திறக்கறவங்க எழுதக் கூடாது." இது அக்கா வகுத்த விதி. எழுதியவரே திறந்தால், தாம் எழுதியது சரி என்று தோன்றும்படியாகவே எதையாவது கண்டுபிடிப்பார் என்பது அவர் வாதம். ஆகவே வேலை நடக்கும்போது அவர் பின்கட்டுக்குள் கால் வைப்பதில்லை. குடிநீர்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன் நான். வரைந்தவரே வரைபடத்தைச் சரிபார்க்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்திலும் ஒரு விதி உண்டு. அதனாலேயே எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

அவருடைய கதையை அவரே பல தவணைகளில் எனக்குச் சொல்லியிருக்கிறார். தந்தை லாரி ஓட்டுநர். தாய் காலமானபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து. பள்ளி விடுமுறைகளை இருவரும் லாரியின் முன்னிருக்கையில்தான் கழித்தார்கள். பிள்ளைகள் சண்டையிடாமல் இருக்கத் தந்தை ஒரு விளையாட்டு வைத்திருந்தார். "இப்ப என்ன சத்தம்? எங்கேருந்து?" என்று கேட்பார், சரியாகச் சொன்னவருக்கு ஒரு பெப்பர்மிண்ட். தம்பி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அக்கா ஜெயித்த பெப்பர்மிண்டைப் பல்லால் கடித்து, பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்.

வளர்ந்தபின் ஒரு பேருந்துப் பணிமனையில் உதிரிபாகங்கள் எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் தம்பியைத் தொழிற்பள்ளியில் படிக்க வைத்தார். இடையில் திருமணமும் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் கணவர், இன்னொரு பெண்ணோடு வாழப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அக்காவே அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாராம்.

"கோவம் வரலையா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வந்துச்சு சார். ஆனா அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனான். ஊரெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்குத் தெரியலை. முதல்ல எனக்குத்தான் தெரிஞ்சது. அதுக்கு ஒரு மரியாதை இருக்கில்ல?"

அன்று அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். அவர் மனிதர்களை எடைபோட வைத்திருந்த ஒரே அளவுகோல் அது என்று எனக்குப் புரிய என் வண்டி பழுதாக வேண்டியிருந்தது.

என் வண்டிக்கு வயது இருபத்தேழு. சிறிய வண்டி, பின்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு இரும்புக் கையில் மாட்டப்பட்டிருக்கும். வண்டியின் குறுக்கே ஒரு தடித்த குழாய். அதற்குள் அந்தக் கைகளின் ஷாஃப்ட் ஊசி பேரிங்குகள்மேல் திரும்பும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதெல்லாம் அந்தத் திரும்பலால்தான். ஊசி பேரிங் என்பது, தீக்குச்சியைவிட மெல்லிய உருளைகளை வட்டமாக அடுக்கிய ஒரு கூடு.

மழை தொடங்கியதிலிருந்து வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து, காய்ந்த கதவைத் திறப்பதுபோல் ஒரு கிறீச்சொலி வந்துகொண்டிருந்தது. இடப்பக்கப் பின்டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகியிருந்தது. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிந்தது. என்னிடம் பணிக்காலத்துத் தூக்குக்குண்டு ஒன்று இருக்கிறது. நூலைச் சக்கரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டு, நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்தேன். வித்தியாசம் இடப்பக்கம் பதினோரு மில்லிமீட்டர், வலப்பக்கம் ஐந்து. குறிப்பேட்டில் எழுதி, தேதியிட்டு, திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனேன்.

குறிப்பேட்டை நான் அக்காவிடம் காட்டவில்லை. அவர் கேட்டுச் சொல்வதற்கு முன் நாம் எதையும் சொல்லக் கூடாது என்பதும் அங்கே ஒரு மரியாதை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்தேன். முதல் வேகத்தடையில் வண்டி கிறீச்சிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சற்றுத் தூரம் போனதும் தாமாகவே தலையை ஆட்டினார்.

"பின்னால, இடது பக்கம். அடியில ஒரு முனகல் இருக்கு பாருங்க, வேகத்தோட ஏறுது. சக்கர பேரிங்."

"ஒரு கிறீச்சும் வருதே அக்கா?"

"கிறீச்சா? எங்க?"

திரும்பி வந்து அதே வேகத்தடையில் ஏற்றினார். தெருவோரம் நின்றிருந்த பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்தது. அக்கா ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது உங்க சீட்டு சார். அதுக்கும் உங்களுக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரும் உக்காரும்போதும் எந்திரிக்கும்போதும் கொஞ்சம் முனகத்தான் செய்வீங்க."

நானும் சிரித்தேன். சிலேட்டில் இடப்பக்கப் பின்சக்கரத்தில் பெருக்கல் குறி விழுந்தது. அக்கா அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தயங்கித் தயங்கி என் குறிப்பேட்டைத் தம்பியிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு வேகமாக ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது.

"உள்ள உக்காந்து பிரேக்கை மிதிங்க சார். விடாதீங்க."

மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் போகவில்லை.

"சக்கர பேரிங்கா இருந்தா பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் நின்னுடும். நிக்கலை. கையே ஆடுது சார். உள்ள ஊசி பேரிங் செத்துப்போச்சு. நீங்க அளந்தது சரி."

"அப்ப அந்த முனகல்?"

"டயர் ஒரு பக்கமா தேஞ்சா முனகும். சக்கர பேரிங் மாதிரியே இருக்கும். யாரும் ஏமாந்துடுவாங்க." வாசலை மறுபடி பார்த்தார். "முன்னாடின்னா அக்கா ஏமாறாது."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். அக்காவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மொத்தமாக இல்லை; மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு ரொட்டிக் கடை வேனுக்கு கியர்பெட்டி என்று எழுதினார். திறந்தால் கியர்பெட்டி புதிதுபோல் இருந்தது. தளர்ந்திருந்தது புகைக்குழாயின் பட்டை. அன்று அக்காவுக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள், கன்னம் வீங்கியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தம்பி நினைத்தார். மறுநாள் வேறொரு காரணம் இருந்தது. அதன்பின் சொல்லாமலிருப்பதே ஒரு முறையாகிவிட்டது. அக்கா எழுதுவார், தம்பி உண்மையான பழுதைச் சரிசெய்வார், எனாமல் தட்டில் மட்டும் அக்கா எழுதிய பாகத்தின் பழையது ஒன்று போகும். அதற்காகவே தம்பியின் மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் தேய்ந்த பாகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். உதிரிபாக அலமாரியின் பொறுப்பு அவருடையது. பதினோரு பேரிங்குகள், மூன்று பிரேக் கட்டைகள், நீர் பம்ப் ஒன்று.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க சார். அது ஒடிஞ்சு போயிடும்."

தளத்தில் உள்ளதோடு பொருந்தாத எந்த வரைபடத்திலும் நான் கையெழுத்திட்டதில்லை. அதற்காக இருமுறை இடமாற்றம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று, "சரி" என்றேன். அந்தச் சொல் வெகு இலகுவாக வந்தது.

செவ்வாய்க்கிழமை தம்பி இடப்பக்கக் கையைக் கழற்றினார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக எடையைத் தாங்கும் முறுக்குக் கம்பி எந்தப் பல்லில் பொருந்தியிருந்தது என்பதற்கு அடையாளக் கோடு போட்டுவிட்டு, அதை உருவி, கையைக் குழாயிலிருந்து வெளியே இழுத்தார். உடன் வந்தது கிரீஸ் இல்லை, செம்பழுப்புத் தூள். சீல் கிழிந்து மழைநீர் உள்ளே போயிருக்கிறது. ஊசிகளில் பாதி பொடியாகியிருந்தன. மீதி, ஷாஃப்டில் வரிவரியாகப் பள்ளம் தோண்டி அதிலேயே படுத்துக்கொண்டிருந்தன. ஷாஃப்டையும் மாற்றியாக வேண்டும் என்றார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தவன் என்பதுதான் முக்கியம்.

புதன்கிழமை நண்பகல் என்னை அக்காவின் மேசைக்கு அழைத்தார்கள். தம்பியின் மனைவி எனாமல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணி, சார் வண்டியோடது."

தட்டில் ஒரு சக்கர பேரிங், கறுத்த கிரீஸ் அப்பியபடி இருந்தது. அக்கா அதை எடுத்து உருட்டினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. மறுபடி உருட்டினார். அதே இடத்தில் நின்றன. மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், இதைத்தான் உங்க வண்டியிலேருந்து எடுத்தாங்களா?"

"ஆமாம்."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

அக்கா ஒரு துணியால் கிரீஸைத் துடைத்தார். அவசரமே இல்லாமல், ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்தார். வெளிவளையத்தில் அரிசி அளவில் உளி பட்ட ஒரு வெட்டு தெரிந்தது.

"இந்த பேரிங்கு போன மழையில ஒரு பால்வண்டியிலேருந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி பல் டாக்டரம்மா வண்டியிலேருந்து வந்துச்சு. இப்ப உங்க வண்டியிலேருந்து. நல்லா ஊர் சுத்தியிருக்கு. அப்பவே விரல் இங்க நின்னுச்சு, எனக்குத்தான் சந்தேகப்படத் தோணலை."

பேரிங்கை மறுபடி முகர்ந்தார்.

"கிரீஸும் புதுசு. ஓடின கிரீஸ் கருகின வாசம் அடிக்கும். இது நேத்து டப்பாவிலேருந்து எடுத்தது." தம்பியின் மனைவியைப் பார்த்தார். "நீதானே துடைச்சு வச்சே? உனக்கு எதையும் அழுக்கா வைக்கத் தெரியாதும்மா."

உண்மை அதுதான். அழுக்கான பொருள் அலமாரியில் இருப்பது அவருக்குப் பொறுக்காது. ஒவ்வொரு முறையும் டின்னுக்குள் போகுமுன் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிடுவார். தேவைப்படும்போது புதுக் கிரீஸ் பூசி அனுப்புவார். பழசுபோல் தெரிவதற்குச் சற்றுப் புகைக்கரியும் கலப்பாராம். கண்ணுக்கு அது போதும். அக்கா கண்ணால் பார்ப்பவர் அல்லர் என்பதை இத்தனை நாள் உடன் இருந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

அக்கா தட்டோடு எழுந்து பின்கட்டுக்குள் நுழைந்தார். வேலை நடக்கும்போது அவர் அங்கே போய் நான் பார்த்தது அதுவே முதல்முறை. தாங்கிகள்மேல் நின்ற என் வண்டியைச் சுற்றிவந்தார். இடப்பக்கச் சக்கரம் சுழலும் குடத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பழைய சக்கர பேரிங் அப்படியே இருந்தது. அதற்கு மேலே, குழாயிலிருந்து நீண்டிருந்த கை மட்டும் கழுவப்பட்டுப் பளிச்சென்றிருந்தது.

"பழசு எங்க?"

தம்பி குப்பைத் தொட்டியிலிருந்து ஷாஃப்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா கட்டைவிரல் நகத்தால் அதன் பள்ளங்களை ஒவ்வொன்றாக நெருடிக்கொண்டே போனார்.

"இது கத்தியிருக்குமே."

"கத்துச்சுக்கா."

"எனக்குக் கேக்கலை."

தம்பி தரையைப் பார்த்தார்.

"வலது பக்கம் இன்னும் திறக்கலைல்ல? அமுக்கு."

தம்பி சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரைக்கு இறக்கி, டிக்கியின் வலது மூலையில் இரு கைகளையும் ஊன்றி அமுக்கினார். கிறீச்சென்றது. அக்கா கண்ணை மூடி நின்றார்.

"இப்ப கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுக்கா."

"உனக்கும் கேட்டுச்சாம்மா?" என்று, பின்னால் வந்து நின்ற தம்பியின் மனைவியைக் கேட்டார்.

"கேட்டுச்சு அண்ணி."

என்னைப் பார்த்தார். நானும் தலையசைத்தேன். பிறகு அவர் தம் உள்ளங்கையை வண்டியின் பக்கத் தகட்டில் வைத்து, மறுபடி அமுக்கச் சொன்னார். "இங்க தெரியுது," என்றார், யாரிடமும் இல்லாமல். "கைக்குத் தெரியுது."

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம்," என்றார் தம்பி. "எல்லா வண்டியும் இல்லக்கா. பத்துல நாலுதான். மீதி ஆறு நீ சொன்னது சரியாவேதான் இருந்துச்சு."

"எந்த ஆறு?"

தம்பி விழித்தார்.

"எது நான் சொன்னது, எது நீ மாத்தினது? வரிசையா சொல்லு. அந்த ஸ்கூல் வேன்? பல் டாக்டரம்மா? நானே மெச்சிக்கிட்டேனே, அந்தப் பச்சை வண்டியோட நீர் பம்ப்பு?"

"ஞாபகம் இல்லக்கா."

"அப்ப அந்த ஆறும் போச்சு. நான் சரியாச் சொன்னதையும் சேத்துக் கெடுத்துட்டியே."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"எனக்காகவா, வெளியில தொங்கற போர்டுக்காகவா?"

இதற்குத் தம்பி உடனே பதில் சொல்லியிருக்கலாம். உடனே சொல்லியிருந்தால் ஒருவேளை பாதியாவது மீண்டிருக்கும். அவர் யோசித்தார். அக்காவின் காதை நம்பித்தான் தெருக்கோடி வரை வண்டிகள் வரிசையில் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் யோசித்த அந்த நேரத்தில் அக்கா ஷாஃப்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

"பெப்பர்மிண்ட் குடுத்து உக்கார வைக்கற வயசா எனக்கு? அதுவும் என் வாயிலேருந்தே எடுத்துக் குடுத்ததை?"

தம்பியின் மனைவி அழத் தொடங்கினார். அக்கா அவரை அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும் சார்?"

"இரண்டு நாளாக."

"ரெண்டு நாள்தானே," என்றார், கணக்குப் போடுவதுபோல. "அதுக்குள்ள 'பார்த்தேன்'னு சொல்ல வந்துடுச்சு. காது போனதுகூடப் பரவாயில்லை சார். அது வயசு. எனக்குப் போனது எனக்குத் தெரியாம, ஊருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க."

அன்று மாலை அவர் தனியாகப் பேருந்தில் ஏறிக் காது மருத்துவரிடம் போனார். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அழைத்தும் ஏறவில்லையாம். மறுநாள் காலை நான் போனபோது, அக்காவின் மேசைக்கு மேலே, சிலேட்டு வழக்கமாகத் தொங்கும் ஆணியில், மருத்துவர் கொடுத்த தாள் குத்தப்பட்டிருந்தது. ஒரு கோடு இடமிருந்து நேராக வந்து, பாதியில் படிக்கட்டுபோல் கீழே இறங்கியது. எனக்கு வரைபடம் படிக்கத் தெரியும். எந்த உயரத்துச் சத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே விளங்கிற்று. பழுது காட்ட வந்திருந்த மளிகைக் கடைக்காரர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"என் காது. இந்தப் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற சத்தம் எனக்குக் கேக்காது. உங்க வண்டி அங்க கத்தினா ஓனர்கிட்ட சொல்லுங்க."

ஓனர் என்று அவர் குறிப்பிட்டது தம்பியை. முதலில் கேலி என்றுதான் நினைத்தேன். அது கேலி இல்லை. பின்கட்டில் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் வண்டியின் வலப்பக்கக் கையைத் தாமே திறந்துகொண்டிருந்தபோது, தம்பி பக்கத்தில் செய்வதறியாமல் நின்றார்.

"ஓனர், அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிப் புடிங்க."

தம்பி பிறந்ததிலிருந்து அவரை 'டா' போட்டும் 'நீ' என்றும் அழைத்த வாய் அது.

"அக்கா, திட்டறதுன்னா திட்டிடு. இப்படிக் கூப்பிடாத."

"போர்டுல உங்க பேர்தானே இருக்கு? நான் இங்க வேலைக்காரி. வேலைக்காரிக்கு எது சொல்லணும், எது சொல்ல வேண்டாம்னு ஓனர்தானே முடிவு பண்ணணும்? விளக்கு ஆடுது பாருங்க."

வலப்பக்கம் அத்தனை மோசமாகத் தேயவில்லை. ஊசிகள் துருவேறியிருந்தாலும் எண்ணிக்கை குறையவில்லை. ஒன்று விடாமல் எண்ணித் தட்டில் கொட்டினார். குழாயின் உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்து, விரலை முழுவதும் உள்ளே விட்டு, மேடுபள்ளம் உண்டா என்று வெகுநேரம் தடவினார். புதிய பேரிங் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை அளவுகோலால் அளந்து, பேரிங்கை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டில் கோடிட்டு, அந்தக் கோடு குழாயின் வாயைத் தொடும்வரை மட்டும் தட்டினார். உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. கிரீஸை உள்ளங்கையில் எடுத்து ஊசிகளுக்கிடையே அழுத்தி அழுத்தி ஊட்டினார். சீலைப் பொருத்தி, புதிய ஷாஃப்டோடு கையை உள்ளே தள்ளியபோது அது கடைசி அங்குலத்தில் தானாகவே சறுக்கிப் போய் அமர்ந்தது. தம்பி வாய்விட்டு, "ஆ, உக்காந்துடுச்சு," என்றார். அக்கா அடுத்த போல்ட்டை எடுத்தார்.

நேற்றுவரை எழுதியவர், இன்று திறந்துகொண்டிருந்தார். தம்பி செய்து முடித்திருந்த இடப்பக்கத்தையும் விடவில்லை. அதையும் முழுக்கக் கழற்றி, விரலால் பார்த்து, மறுபடி பூட்டினார். அதில் ஒரு குறையும் இல்லை. தம்பி வேலையில் ஒருபோதும் பொய் சொன்னவர் அல்லர். ஆயினும் அது அவருக்குச் சாதகமாக எண்ணப்படவில்லை.

பிஸ்கட் டின் மேசையின்மேல் திறந்தபடி இருந்தது. உள்ளிருந்த பதினோரு பேரிங்குகளையும் அக்கா வரிசையாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு தாள். சிலவற்றில் வண்டியின் பெயர் இருந்தது, சிலவற்றில் இரண்டு வண்டிகளின் பெயர். நான்கில் கேள்விக்குறி மட்டும். அந்த நான்கையும் எடுத்து எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும். தாள்கள் கிரீஸ்பட்டுக் கசங்கியிருந்தன.

சனிக்கிழமை வண்டி தயாரானது. டயர்களும் புதியவை. அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தெருக்கோடி வரை ஓட்டினார். வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். மறுபடி திரும்பிவந்து ஏற்றி இறக்கினார். வண்டி, பாய்மேல் பூனை நடப்பதுபோல் போயிற்று.

"சத்தம் இருக்கா சார்?"

"இல்லை அக்கா. சுத்தமாக இல்லை."

அது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அவ்வளவு ஆவலோடு சொன்னது வேறொன்றும் இராது. அக்கா என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

சமதரையில் நிறுத்தி இறங்கியதும் கையை நீட்டினார்.

"அந்தக் குண்டு வச்சிருக்கீங்களாமே. குடுங்க."

கொடுத்தேன். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, குண்டு ஆட்டம் அடங்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து, மேலே அளந்தார், கீழே அளந்தார். மறுபக்கம் போய் அளந்தார். சந்தேகம் தீரும்படி இன்னொருமுறை இடப்பக்கம் வந்தார். தம்பி வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் விளக்கு கேட்கவில்லை.

அக்கா சிலேட்டை எடுத்து நான்கு கோடுகளில் வண்டியை வரைந்தார். பெருக்கல் குறி இல்லை. இடம் இரண்டு, வலம் இரண்டு என்று மில்லிமீட்டரை எழுதினார். சத்தம் இல்லை என்று நான் சொன்னது அதில் இடம்பெறவில்லை.

சிலேட்டை என் பக்கம் திருப்பி, சாக்குக்கட்டியை நீட்டினார்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தச் சிலேட்டில் வண்டிக்காரர் எவரிடமும் அவர் கையெழுத்துக் கேட்டதில்லை. நான் சாக்குக்கட்டியை வாங்கிக் குனிந்து போட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியைக் கொடுத்தார்.